‘உடம்பு தேறிவிட்டாய்’ என்று சொல்லும் முன்

தமிழரின் நலம் விசாரிப்பு பெரும்பாலும் உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. ‘என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே?’ என்பது ஒன்று. ‘இப்போதான் உடம்பு தேறியிருக்கே’ என்பது மற்றொன்று. முன்னதில் கவலையும் பின்னதில் மகிழ்ச்சியும் உண்டு. இரண்டிலும் அன்பு உண்டு. பிள்ளையார்பாளையத்தில் முகூர்த்த நாளொன்றில் எந்த மண்டபத்து வாயிலில் நின்றாலும் இவ்விரண்டையும் பலர் வாயிலாகக் கேட்கலாம். ஆண்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார்கள். பெண்களால் அவ்வளவு எளிதாகப் போய்விட முடிவதில்லை. வீடு திரும்பியபின் கண்ணாடி முன் நின்று, கேட்ட சொல்லைத் தம் உடம்பில் தேடுகிறார்கள்.

சர்க்கரை நோய், தைராய்டு முதலிய நாளமில்லாச் சுரப்பி நோய்களைக் கவனிக்கும் மருத்துவர்களாகிய நாங்கள் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எது அழகு என்று ஊர் தீர்மானித்துக்கொள்வதில் மருத்துவருக்கு வேலையில்லை. ஆனால், நம்மிடையே அழகைச் சொல்லும் சொல்லும் ஆரோக்கியத்தைச் சொல்லும் சொல்லும் ஒன்றாகவே வழங்குகின்றன. ‘தேறிவிட்டாள்’ என்றால் நோய் நீங்கினாள் என்றும் பொருள். சதை போட்டாள் என்றும் பொருள். இதனால் ஒரு பெண்ணின் உடலில் நேரும் மாற்றம் நோயின் அடையாளமாக இருக்கும்போதுகூட அது பாராட்டைப் பெற்றுவிடுகிறது. நலமாக இருக்கும் மற்றொரு பெண்ணோ நோயாளியைப் போல இரக்கத்துக்கு ஆளாகிறாள். அந்தப் பாராட்டையும் இரக்கத்தையும் நம்பி, மருத்துவரிடம் காலம் கடந்து வந்து சேர்பவர்கள் பலர்.

முதலில் பாராட்டினால் வரும் கேட்டைச் சொல்கிறோம். திருமணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண், இயல்பிலேயே மெலிந்த உடல்வாகு கொண்டவள். ‘கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் நன்றாயிருக்கும்’ என்று பெண் பார்க்க வந்த வீட்டார் சொல்லிப் போகிறார்கள். யாரோ ஒருவர் ‘உடம்பு ஏறும் மாத்திரை’ என்று சீட்டில்லாமல் வாங்கித் தருகிறார். சில வேளை அது மாத்திரையாக இல்லாமல் பெயர் ஒட்டாத டப்பாவில் லேகியமாகவோ தூளாகவோ வருகிறது. ஓரிரு மாதங்களில் கன்னம் உருண்டு முகம் பூரிக்கிறது. ‘கல்யாணக் களை வந்துவிட்டது’ என்கிறது சுற்றம்.

அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு. ஒன்று சிப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைத் தூண்டும், உறக்கத்தையும் தரும். அதைவிடக் கேடானது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. தக்க நோய்க்குத் தக்க அளவில் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து அது. நாங்களே எழுதித் தருகிறோம். அழகுக்காக மாதக்கணக்கில் விழுங்கப்படும்போது அதன் போக்கு வேறு. முகம் வட்டமாகிறது. பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது. அதே நேரத்தில் தொடையும் தோளும் சதை வற்றித் தளர்கின்றன. தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடிவதில்லை. வயிற்றில் ஊதா நிறத்தில் அகன்ற கோடுகள் தோன்றுகின்றன. மாதவிடாய் தவறுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன; எலும்பு உள்ளுக்குள் தேய்கிறது. வெளியில் தெரிவது முகம் மட்டுமே என்பதால் பாராட்டு தொடர்கிறது.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடலுக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைத் தானே சுரப்பது. வெளியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடுகிறது. இந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி எனத் தொடங்கி உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே இதைப் படிக்கும் எவரேனும் அத்தகைய மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் உட்கொண்டிருந்தால், இன்றே தூக்கி எறிந்துவிட வேண்டாம், மருத்துவரிடம் வாருங்கள். படிப்படியாகக் குறைக்கும் முறை இருக்கிறது.

இனி இதற்கு மறுபக்கம். நாற்பது வயதை ஒட்டிய பெண், ஆண்டுக்கணக்காகப் ‘பருமன்’ என்று கேலி கேட்டவர். எந்த முயற்சியும் இல்லாமல் நான்கைந்து மாதங்களில் எட்டுக் கிலோ குறைகிறார். ‘என்ன செய்தாய், எங்களுக்கும் சொல்லேன்’ என்று தெருவே கேட்கிறது. பழைய ரவிக்கைகள் மீண்டும் பொருந்துகின்றன. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும், கால் எரிச்சலும் அந்த மகிழ்ச்சியில் மறைந்துவிடுகின்றன. ஆறாத புண்ணோடு அவர் வரும்போது இரத்தச் சர்க்கரை நானூறைத் தாண்டியிருக்கிறது. இன்சுலின் போதாமையால் உண்ட உணவின் சர்க்கரை உடலுக்குள் பயன்படாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்துக் காலம் தள்ளுகிறது. தெரு அதைத்தான் ‘ஸ்லிம் ஆகிவிட்டாள்’ என்கிறது. காசநோயும் மிகையாகச் சுரக்கும் தைராய்டும் சில புற்றுநோய்களும் இப்படித்தான் தொடங்கலாம். முயற்சியின்றி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ குறைந்தால், காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவ வழக்கு. பாராட்டுக்கு நடுவே அந்த 3 கிலோவை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஊர்க் கண் ஏன் இப்படிப் பார்க்கிறது? அதைக் குறை கூறுமுன் அது எங்கே பழகியது என்று பார்ப்பது நியாயம். 1876-78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை எலும்புக்கூடாக்கியது. அப்பஞ்சத்தின் ஒளிப்படங்களைப் பார்த்தவர்களுக்கு மெலிவு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நெசவாளருக்குப் பஞ்சம் மழையோடு மட்டும் தொடர்புடையதாக இருந்ததில்லை; துணி தேங்கினாலும் அடுப்பு அணைந்தது. 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணிகள் விற்பனையின்றி மலையெனத் தேங்கியபோது, இந்தக் காஞ்சியில் பிறந்த அண்ணாவும் அவர் கட்சியினரும் துணிகளைத் தோளில் சுமந்து தெருவில் விற்றதை இன்றும் நினைவுகூர்வோர் உண்டு. காசநோய்க்குத் தமிழ் தந்த பெயரே ‘எலும்புருக்கி’. இத்தகைய ஊரில் மருமகள் சதை பிடித்திருந்தால் அவ்வீட்டில் சோறு இருக்கிறது, நோய் இல்லை, அவளை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று மூன்று செய்திகள் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். ‘மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல’ என்னும் கேலியில் அத்தனையும் அடங்கியிருக்கிறது. பெண்ணைப் பெற்ற தாய்க்கு அது ஆறுதல்.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. ஆப்பிரிக்காவின் மொரித்தானியாவில், பெண் பருத்திருப்பதே குடும்பத்தின் செல்வம் என்று கருதி, சிறுமிகளுக்குப் பாலையும் தானியக் கூழையும் வலிந்து ஊட்டும் வழக்கம் இருந்துவருகிறது. தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களிடமும் பிரிட்டனிலும் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஊரில் வாழும் சூலு மக்கள் பருத்த பெண்ணுடலையே அழகென்று தேர்ந்தார்கள். எய்ட்ஸும் காசநோயும் பரவிய நாட்டில் மெலிவு நோயின் குறி. பிரிட்டனில் குடியேறிய சூலு மக்களோ சற்று மெலிந்த உடலை விரும்பத் தொடங்கியிருந்தனர். மக்கள் அவர்களேதான், வாழும் இடம் மாறியதும் கண் மாறிவிட்டது.

கண் எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்குப் பசிபிக் தீவான பிஜியிலிருந்து வந்த செய்தியை எங்கள் துறையில் எல்லோரும் அறிவர். அங்கும் ‘சதை போட்டிருக்கிறாய்’ என்பது பாராட்டு. பெண் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் இளைத்தால் வீடே கவலைப்படும். 1995-இல் நத்ரோகா என்னும் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்னும் மருத்துவர் அவ்வாண்டும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998-இலும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்தார். எடையைக் குறைப்பதற்காக உண்டதைத் தாமே வாந்தியெடுக்கும் பழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் அது 11.3 விழுக்காடாகியிருந்தது. தொலைக்காட்சி மூன்றாண்டில் செய்ததைக் கைப்பேசி எத்தனை மாதத்தில் செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆயினும், மெல்லிடை என்னும் ஆசை மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்று சொல்வோரோடு நாங்கள் உடன்படவில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. அவன் அரசி ரங்கபதாகையும் அங்கே ஒரு சிற்றாலயம் எடுத்திருக்கிறாள். அம்மணற்கல்லில் உள்ள பெண்ணுருவங்களின் இடையைப் பாருங்கள். கொடியிடை, மின்னிடை, துடியிடை என்று புலவர்கள் அடுக்கிய பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். கல்லிலும் ஏட்டிலும் மெலிந்த இடையைப் போற்றிய அதே ஊர், வீட்டில் பூசினாற்போன்ற மருமகளைப் போற்றியது. சிற்பம் தெய்வத்துக்கு, சதை குடும்பத்துக்கு என்று பிரித்துக்கொண்டு முன்னோர் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

திரைப்படம் வந்தபின் அந்தப் பிரிவு குழம்பியது. சாவித்திரி, பத்மினி காலத்தில் நிறைவான முகமும் தோளும் அழகின் இலக்கணம். 1990-களில் குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். ஆமணக்கு விதை சேர்த்து மெத்தென்று வார்க்கும் இட்லிக்கு அவர் பெயர் வந்தது. (மிளகும் சுக்கும் போட்டுக் கூடையில் அவிக்கும் காஞ்சிபுரம் இட்லியின் ஊர்க்காரர்களுக்கு இதில் சிறிது மனக்குறை உண்டு.) இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 2015-இல் வெளிவந்த ‘இஞ்சி இடுப்பழகி’ படத்துக்காக அனுஷ்கா உடல் எடையைக் கூட்டினார் என்பதே பெருஞ்செய்தியாகப் பேசப்பட்டது. பாட்டியின் கண்ணுக்கு அழகாக இருந்த உடம்பு பேத்தியின் கண்ணுக்குப் பருமனாகிவிட்டது. பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில்தான் வாழ்கிறார்கள்.

ஆகவே இன்றைய இளம்பெண் ஒரே நாளில் இரு தீர்ப்புகளைக் கேட்கிறாள். காலையில் பாட்டி, ‘காற்றடித்தால் பறந்துவிடுவாய்’ என்கிறார். மாலையில் கல்லூரித் தோழியோ கைப்பேசியோ இடுப்புச் சதையைச் சுட்டுகிறது. திருமணத்துக்கு முன் ஒல்லி என்றவர்களே, பிள்ளை பெற்றபின் ‘விட்டுவிட்டாயே உடம்பை’ என்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் ‘இருவருக்காகச் சாப்பிடு’ என்று ஊட்டியவர்களும், பத்தியம், லேகியம், நெய் என்று பிரசவத்துக்குப் பின் கொடுத்தவர்களும் அவர்களே. அந்தப் பெண்ணின் நிலையில் யார் இருந்தாலும் தன் உடம்பைப் பற்றிய சொந்தக் கருத்தை இழந்துவிடுவார்கள். காலைச் சிற்றுண்டியைத் தவிர்த்து மயங்கி விழும் மாணவியரைப் பார்க்கிறோம். தைராய்டு குறைபாடு இல்லாமலேயே இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை விழுங்கி, நெஞ்சு படபடக்க வருவோரையும் பார்க்கிறோம். மெலிதலுக்கு மாத்திரை, பருத்தலுக்கு மாத்திரை, இரண்டும் சீட்டில்லாமல் கிடைக்கின்றன.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இருப்பதில்லை. ஊரின் பெயரிலேயே தொந்தியுள்ள தெய்வம் அமர்ந்திருக்கிறார்; அவரைக் கொழுக்கட்டையைக் குறைத்துக்கொள்ளுமாறு யாரும் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்குத் தொப்பை விழுந்தால் வசதி வந்துவிட்டது என்பார்கள். (அந்தத் தொப்பையும் சர்க்கரையைத்தான் கொண்டுவருகிறது; அதை வேறோர் இதழில் எழுதுவோம்.)

இனிக் கண்ணை விட்டுவிட்டு எண்களுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். 2015-16-இல் இது 30.9 ஆக இருந்தது. எடை குறைந்தோர் 12.6 விழுக்காடு. அதே ஆய்வில் இரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 விழுக்காடு. இக்கணக்குகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: இரத்தசோகை மெலிந்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. நிறைவான உடலும் வெளிறிய கீழிமையும் ஒரே பெண்ணிடம் இருப்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். ‘இவளுக்கா இரத்தம் இல்லை?’ என்று உடன் வந்தவர் வியக்கிறார்.

எடையையும் உயரத்தையும் வைத்துக் கணிக்கும் உடல் நிறைக் குறியீட்டைப் பலர் அறிவர். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் அது கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெத்தலே என்னும் கணித அறிஞர் சராசரி மனிதனை வரையறுக்கத் தேடியபோது பிறந்தது இந்தக் கணக்கு. தனி ஒருவரின் நோயை அறிவதற்காக அவர் அதை உண்டாக்கவில்லை. உலக அளவில் 25-க்கு மேல் மிகை எடை என்பர். நம் நாட்டு மருத்துவர்கள் 2009-இல் கூடி, இந்தியருக்கு 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று வரம்பைக் குறைத்தார்கள். மேலே சொன்ன குடும்பநல ஆய்வு 25 என்னும் வரம்பையே கொள்வதால், நம் வரம்பின்படி பார்த்தால் தொகை இன்னும் கூடும்.

வரம்பு குறைந்ததற்குக் காரணத்தை ஒரு படம் விளக்கும். 2004-இல் லான்செட் இதழில் புனேயின் மருத்துவர் யாஞ்ஞிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் ஒளிப்படத்தை வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஞ்ஞிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைக் கருவிக்கு இருவரும் ஒன்று; கொழுப்பின் கணக்கில் ஒருவருக்கு மற்றவரைப் போல் இருமடங்கு. தெற்காசியர் பலருக்கு மெலிந்த தோற்றத்துக்குள்ளேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய பெண்ணை ஊர் ‘ஒல்லி’ என்றே அழைக்கும். சர்க்கரை நோய் அவரை அப்படிக் கருதுவதில்லை. 2025-இல் லான்செட்டின் பன்னாட்டு வல்லுநர் குழுவும், குறியீட்டை மட்டும் வைத்து உடற்பருமன் நோயைத் தீர்மானிக்கலாகாது, இடுப்பளவு போன்ற வேறு அளவும் உறுப்புகளின் நிலையும் பார்க்கப்பட வேண்டும் என்றது.

இடுப்பளவு என்பது தையற்காரர் எடுக்கும் அளவு அன்று. பாவாடை நாடா கட்டும் இடமும் அன்று. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது இந்தியருக்கான எல்லை. இதை வீட்டிலேயே அளக்கலாம். மேலும், பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போல் தடித்துக் கருக்கும் தோலைப் பலர் ‘சங்கிலி உரசிய கறுப்பு’ என்று பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கிறார்கள். அது தேய்த்தால் போகாது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததற்கு அது ஓர் அடையாளம். சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நெசவூர்ப் பெண்களுக்கு இங்கே தனியாக ஒரு சொல். புடவைக்கு அளவில்லை, எந்த உடம்பையும் அது ஏற்றுக்கொள்ளும். நாம் நெய்யும் பட்டின் பெருந்தன்மை அது. ஆனால் அதே பெருந்தன்மை, சிறிது சிறிதாக வயிறு பெருப்பதைப் பத்தாண்டுகள் மறைத்தும் வைக்கும். ரவிக்கையின் தையலைப் பிரித்துவிடும்போதுதான் தெரியவருகிறது. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் நாள் முழுதும் உழைப்பே; எனினும் அது அமர்ந்த உழைப்பு. கையும் கண்ணும் களைக்கின்றன, காலும் தொடையும் அசைவதில்லை. ‘நான் நாள் முழுக்க வேலை செய்கிறேனே, எனக்கெப்படி உடம்பு போடும்?’ என்று கேட்கும் பெண் பொய் சொல்லவில்லை. கடைசியில் உண்பவரும் அவரே. மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனமின்றித் தம் தட்டில் போட்டுக்கொள்பவரும் அவரே. அவர் தட்டில் சோறு மிகுந்தும், பருப்பும் காயும் முட்டையும் குறைந்தும் இருக்கும்.

உடம்பின் அளவைப் பற்றிப் பேசவே கூடாது என்னும் வாதமும் இப்போது கேட்கிறது. கேலிக்கு எதிராக எழுந்தது என்ற அளவில் அதை மதிக்கிறோம். மருத்துவர் என்ற முறையில் முழுதும் ஏற்க இயலவில்லை. வயிற்றுக் கொழுப்பு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மூட்டுத் தேய்வையும் கருப்பைச் சுவரில் வரும் புற்றுநோயையும் கூட்டுகிறது என்பது உண்மை. அதை மூடி மறைப்பது நோயாளிக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் மண்டபத்து வாயில் அன்று. கேலி செய்து ஒருவரை இளைக்க வைத்ததாக எங்கள் அனுபவத்தில் ஒரு சான்றும் இல்லை. கேலியால் நடைப்பயிற்சியை நிறுத்தியவர்கள் உண்டு. ‘இந்த உடம்போடு தெருவில் நடந்தால் சிரிப்பார்கள்’ என்று விடியற்காலை இருட்டில் மட்டும் நடப்பவர்களும் உண்டு.

நடப்பவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. உணவைச் சீர்செய்து நாள்தோறும் நடந்தவர்களுக்கு, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு அடுத்துத்தான் உள்ளது: அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவேயில்லை. மண்டபத்து வாயிலில் நிற்பவர் அவர்களைப் பார்த்திருந்தால், ‘நடந்து என்ன பயன், அப்படியேதானே இருக்கிறாய்’ என்று சொல்லியிருப்பார். எடை இறங்கவில்லை என்று மூன்றாம் மாதம் நடையைக் கைவிடும் பெண்களிடம் நாங்கள் இந்த ஆய்வைத்தான் சொல்கிறோம். கண்ணாடி காட்டாத இடத்தில் பயன் சேர்ந்துகொண்டிருக்கிறது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெண்ணின் உடம்பு கூடியோ குறைந்தோ தெரிந்தால் கருத்துச் சொல்வதற்குப் பதில் கேள்வி கேளுங்கள். உறக்கம் வருகிறதா? இரவில் எத்தனை முறை எழுகிறாய்? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? படியேறினால் மூச்சு வாங்குகிறதா? குரல் தடித்திருக்கிறதே, மலச்சிக்கல் இருக்கிறதா? சரியாகச் சாப்பிடுகிறாயா, ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாயா? இக்கேள்விகளை மாமியார் கேட்டால் மருமகளுக்குச் சற்று வியப்பாக இருக்கும், பரவாயில்லை. கருவுற்ற காலத்தில் சர்க்கரை இருந்த பெண், பிள்ளைப் பேற்றுக்குப் பின் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒருமுறையும், பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உடம்பு மெலிந்தாலும் பருத்தாலும் அதில் மாற்றமில்லை. மருத்துவமனைக்கு வர இயலாதோர் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க, 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வருகிறார்கள். தறியை விட்டு எழ மனமில்லாதவர்கள் அவர்களையாவது திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

எடை பார்ப்பதற்கு அஞ்சியே மருத்துவரிடம் வராமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எந்த மருத்துவமனையிலும் மறைப்புக்குள் எடை பார்க்குமாறும், எண்ணை உரக்கச் சொல்லாமல் சீட்டில் மட்டும் எழுதுமாறும் செவிலியரிடம் கேட்கலாம். அது நோயாளியின் உரிமை. வரும்போது, இளைக்கவோ பெருக்கவோ யார் எதைக் கொடுத்திருந்தாலும் அதை அப்படியே எடுத்து வாருங்கள். அட்டையில் பெயர் கிழிந்திருந்தாலும், டப்பாவில் ஒன்றும் எழுதாதிருந்தாலும், அடியில் ஒட்டிய மிச்சம் மட்டுமே இருந்தாலும் கொண்டு வாருங்கள். யார் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம். எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் கேட்போம்.